கண்டாங்கி இதழும் கல்யாணப் பத்திரிகையும்

ஃபேஷன் டிசைனிங் கடைசி செமஸ்டரில் ஒரு ஃபேஷன் இதழ் தயாரித்துக் கொடுக்கவேண்டும். எங்கள் குழு காரைக்குடிக் கண்டாங்கியை எடுத்துக்கொண்டது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, நெசவாளர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கட்டுரை, லேஅவுட் எல்லாம் போட்ட அட்டவணைப்படி முடிந்தன. நேரத்தை விழுங்கியது அடுத்தவர் கையில் இருந்த வேலைகள்தான்.

முதலில் வீடு. கானாடுகாத்தானில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், படம் எடுக்கக் கேட்டோம். காவலுக்கு இருந்தவர், "அதுக்கென்ன, வாங்க" என்றார். சேலை, நகை, மேக்கப் பெட்டியோடு போய் இறங்கினால், "மெட்ராஸ்லேருந்து எல்லாரும் வந்திருக்காக, இன்னைக்குப் படைப்பு" என்று முகப்பிலேயே நிறுத்திவிட்டார். படைப்பு என்றால் குடும்பத்து முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடுவது. இந்த வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொது. காவலர் தலையாட்டினால் போதாது. பங்காளிகளில் பொறுப்பானவர் யாரென்று விசாரித்து, வாட்ஸப்பில் எழுத்தாகவே சம்மதம் வாங்கிவிடுங்கள். அந்தத் தேதியில் விசேஷம் உண்டா என்றும் கேளுங்கள்.

ஆனால் அன்றைக்கு ஒரு நல்லதும் நடந்தது. வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுத் திண்ணையில் அனுமதி கேட்டபோது, அந்த வீட்டு ஆச்சி எங்கள் மாடலை மேலும் கீழும் பார்த்தார். "என்னத்தா, கொசுவத்த முன்னால வச்சிருக்கீக?" அவரே பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிவிட்டார். அட்டைப்படம் அதுதான்.

அப்புறம் அச்சகம். நாங்கள் போனது சித்திரை முகூர்த்தங்களுக்கு முன்னால். மெஷின் நிறையக் கல்யாணப் பத்திரிகை, எங்களுக்கு 'நாளைக்கு வாங்க' மட்டும். ஒருவழியாக எங்கள் முறை வந்ததும் பிடிஎஃப் வேண்டாம், திருத்தக்கூடிய ஓப்பன் ஃபைல் கொடு என்றார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்தால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம். "பாமினில அடிச்சுட்டு வாங்க" என்று யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருவைச் சர்வ சாதாரணமாகச் சொன்னார் அங்கிருந்தவர். இத்தனை பக்கத்தையும்! எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஃபைல் கொடுக்கும்போதே ஒரு பிரதி அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கக் கணக்கு இன்னொரு வம்பு. எத்தனை பக்கமானாலும் போடலாம் என்று முதலில் சொன்னவர்களே, கடைசி நேரத்தில் 22 ஆகாது, நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்க நான்கின் மடங்காக வேண்டும் என்றார்கள். மிச்சமிருந்த தறிப் படங்களை இரண்டு பக்கத்துக்கு விரித்து 24 ஆக்கினோம். பார்த்த எல்லாருக்கும் பிடித்த பக்கங்கள் அவைதான், போங்கள்!

நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். திரையில் பளிச்சென்று இருந்த அரக்கு, தாளில் காய்ந்த புளி நிறத்தில் வந்தது. ஃபைலை அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறமுறைக்கு மாற்றி, அச்சடிக்கும் அதே தாளில் ஒரு பக்கம் ப்ரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள். தனியாகக் காசு கேட்பார்கள், முனகாமல் கொடுத்துவிடுங்கள். அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சேலைமேலேயே வைத்துப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.