உயிரியல் பட்டப்படிப்பு: ஆய்வகக் குறிப்புகள்

ஜூலை 10

முதலாண்டுக்கு இந்த வாரம் மைக்ரோபிப்பெட், அதாவது மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் கைக்கருவி. மேலுள்ள பொத்தானுக்கு இரண்டு நிறுத்தங்கள். முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாவது வரை. உறிஞ்சும்போதே இரண்டாவது வரை போய்விட்டால் குறித்த அளவைவிடக் கூடுதலாக ஏறும். தராசு பொய் சொல்லாது: 100 மைக்ரோலிட்டர் தூய நீர் ஏறக்குறைய 100 மில்லிகிராம். திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்து, எடைகள் மேலும் கீழும் சிதறினால் கையைப் பழக்குங்கள். எல்லாம் ஒரே பக்கமாக விலகினால், அழுத்தும் முறை சரிதானா என்று பார்த்துவிட்டுக் கருவியைச் சந்தேகிக்கலாம்.

ஜூலை 24

தொடர் நீர்த்தல்: மாதிரியிலுள்ள பாக்டீரியாவை எண்ணுவதற்காகப் படிப்படியாகப் பத்து மடங்கு நீர்க்கச் செய்வது. குழாய்க்கு 9 மில்லிலிட்டர் கிருமிநீக்கிய உப்புநீர். மாதிரியில் 1 மில்லிலிட்டரை முதல் குழாயில் விட்டு நன்றாகக் கலக்கி, அதிலிருந்து 1 மில்லிலிட்டர் அடுத்ததற்கு. ஒவ்வொரு முறையும் பிப்பெட் நுனியில் மாட்டும் டிப் புதிதாக இருக்க வேண்டும். பழையதன் சுவரில் ஒட்டிய செல்கள் அடுத்த குழாயின் எண்ணிக்கையை ஏற்றிவிடும்.

ஐந்தாவது குழாயிலிருந்து 0.1 மில்லிலிட்டர் எடுத்து அகார் தட்டில் (பாக்டீரியா வளரும் ஊட்டக்கூழ்த் தட்டு) பரப்பினோம், 84 காலனிகள் (ஒவ்வொரு செல்லும் பெருகி உண்டாக்கும் புள்ளிகள்) வந்தன என்று வையுங்கள். 84ஐ 10ஆல் பெருக்கி (பரப்பியது 0.1 மில்லிலிட்டர்தானே), பிறகு ஐந்து முறை பத்து மடங்கு நீர்த்ததற்காக 1 லட்சத்தால் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு 8.4 கோடி. அந்த 10ஐ மறந்து 84 லட்சம் என்று எழுதுவது ஆண்டுதோறும் நடப்பது. 30 முதல் 300 காலனிகள் உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். அதற்குக் கீழே தற்செயலின் ஆட்டம் அதிகம். மேலே போனால் காலனிகள் ஒட்டி வளர்ந்து, இரண்டு ஒன்றாகிவிடும்.

உணவு, குடிநீர், மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அன்றாட வேலையே இதுதான். இளநிலைப் பட்டத்தோடு நுழையக்கூடிய இடம்.

ஆகஸ்ட் 14

ஆய்வக நோட்டு: பென்சில் கூடாது, ஒயிட்னர் கூடாது. தவறான எண்ணின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி, காரணம். அடித்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும். கெடுபிடிதான், ஆனால் மருந்து ஆலையின் பதிவேட்டுக்கும் இதே விதி.

செப்டம்பர் 4

மீன்களுக்கு வெப்பநிலையால் என்ன ஆகிறது என்று பார்க்கும் சோதனை: 20 டிகிரியில் ஒரு தொட்டி, 25 டிகிரியில் ஒரு தொட்டி, தொட்டிக்குப் பத்து மீன். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் மாதிரி எண்ணிக்கை பத்து என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். இல்லை, ஒன்று! வெப்பநிலை தரப்பட்டது தொட்டிக்கு, மீனுக்கு அல்ல. ஒரு தொட்டியில் நோய் புகுந்தால் அதுவே வெப்பநிலையின் விளைவுபோல் தெரியும். தொட்டிகளைக் கூட்டுங்கள், மீனைக் குறைத்தாலும் பரவாயில்லை. சூழலியல் கள ஆய்வுக்கோ மருத்துவச் சோதனைத் தரவுக்கோ போகிறவர்களுக்கு இந்த ஒரு பாடம் பல இடத்தில் கைகொடுக்கும்.

செப்டம்பர் 25

மரபணுப் பட்டியலை எக்செல்லில் அப்படியே திறக்காதீர்கள். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ போன்ற பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லையால் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே ‘மார்ச்எஃப்1’, ‘செப்டின்2’ என்று மாற்ற நேர்ந்தது. பழைய கோப்புகளில் பழைய பெயர்தான் இருக்கும். நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்து இறக்குங்கள். உயிர்த்தகவலியல் (உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் துறை) பக்கம் போக நினைப்பவர்கள் ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

அக்டோபர் 16

இறுதியாண்டு மாணவர்கள் விண்ணப்பம் எழுதும் நேரம். மருத்துவப் பரிசோதனைக்கூடத்துக்கும் மரபியல் ஆலோசனைக்கும் பல நாடுகளில் தனித் தகுதி கேட்பார்கள். பொது உயிரியல் பட்டம் போதாது. முனைவர் பட்டம் யோசிப்பவர்கள், முதலில் சில மாதமாவது ஓர் ஆய்வுக்குழுவில் வேலை செய்து பாருங்கள். பாதிச் சோதனைகள் சொதப்பும். அது சலிப்பூட்டினால் முன்னதாகவே தெரிந்துகொள்ளலாம்.

விண்ணப்பத்தில் ‘பிசிஆர் தெரியும்’ என்பது வெற்று வரி. (பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை; எந்தப் பகுதி என்று குறிக்கும் குட்டி டிஎன்ஏ இழைகள்தான் பிரைமர்.) ‘மண்ணிலிருந்து டிஎன்ஏ பிரித்து, பிரைமர் வடிவமைத்து, டிஎன்ஏ சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயுடன் பிசிஆர் ஓட்டினேன்’ என்று எழுதுங்கள். நகல்களை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் அந்தக் கட்டுப்பாட்டுக் குழாய்க்கும் பட்டை வந்தால் என்ன செய்வீர்கள் என்று நேர்காணலில் கேட்கலாம். பட்டை 100 கார இணை நீளத்துக்குக் கீழே மங்கலாக நின்றால், பெரும்பாலும் பிரைமர்கள் தமக்குள் ஒட்டியவை. எதிர்பார்த்த நீளத்திலேயே நின்றால் கலப்படம்: நீர், பிரைமர், நொதி என ஒவ்வொன்றாகப் புதியதை மாற்றி ஓட்டினால் எதில் என்று தெரிந்துவிடும்.