மாதம் 300 ரூபாய்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். மீன் விற்கும் அம்மாக்களின் பிள்ளைகளும் வருவதால், 300 ரூபாய் கட்டணத்தைக் கூட்ட மனசு வரவில்லை. ஆனால் மண்டப வாடகை 6,000 ஆகிவிட்டது; அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, 1,080 ரூபாய். தனிநபர் சொல்லித்தரும் கலைப் பயிற்சிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனால் பிள்ளைகளிடம் வரி வாங்க வேண்டாம்; அதே காரணத்தால், மண்டபத்துக்கு நான் கட்டிய வரியும் திரும்பி வராது.

சரி என்று வகுப்பை எங்கள் மொட்டை மாடிக்கே மாற்றிவிட்டேன். சாயங்காலம் தண்ணீர் தெளித்து, தரைச் சூடு தணிந்த பிறகுதான் காலால் தரையைத் தட்டி ஆடும் தட்டடவு. ஒலிபெருக்கி கிடையாது; தாளத்துக்குத் தட்டுக்கழியும் என் குரலும்தான்.

நேற்று தேவனாம்பட்டினத்துச் சிறுமி இரண்டு மாதக் கட்டணத்தைச் சுருட்டிய பத்து ரூபாய் நோட்டுகளாக நீட்டினாள், ஈரம்கூடக் காயவில்லை. ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன். மீதியைச் சலங்கைக்குச் சேர்த்து வைக்கச் சொல்லி அனுப்பினேன்.