சுவரில் இருந்தது விரியன் இல்லை

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "கட்டு விரியன்டி! கம்பை எடு!" என்று அத்தை அலறினார். டியூப் லைட்டுக்குக் கீழே, காரை பெயர்ந்த சுவரில், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு பாம்பு. பழுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டைகள்.

"பொறுங்க அத்தை, அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, ஆறடி தள்ளி நின்று டார்ச் அடித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சுவரோரம் இப்படி ஒன்றை அடித்துக் கொன்றோம். விடிந்ததும் அதைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது வெள்ளிக்கோல் வரையன். துளி விஷம் கிடையாது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த முறை பட்டைகளைத்தான் முதலில் பார்த்தேன். கழுத்தையொட்டி வெள்ளைப் பட்டை பளிச்சென்று தொடங்கியது. வால் பக்கம் போகப் போக மங்கி, வெறும் புள்ளிகளாகக் கரைந்துவிட்டது. கட்டு விரியனுக்கு இது நேர்மாறு. தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறும் கருப்பாக இருக்கும். அப்புறம் மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். வால்வரை தெளிவாக ஓடும். அதன் முதுகின் நடுவே ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். இதன் முதுகில் அப்படி இல்லை. தலை தட்டை, கண்கள் லேசாகப் பிதுங்கியிருந்தன.

சுவரேறியதே ஒரு துப்புதான். கட்டு விரியன் பெரும்பாலும் தரையோடு ஊர்வது. வரையன் சொரசொரப்பான சுவரில் சர்வசாதாரணமாக ஏறும். அதற்குப் பிடித்த தீனி பல்லி. விளக்கைச் சுற்றிப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்கு இது. ஓட்டு வீட்டு எறவாணம், செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், சுவர் விரிசல் எல்லாம் பகலில் இது சுருண்டு கிடக்கும் இடங்கள். 1758இல் உயிரியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த அறிவியல் பெயரில் உள்ள 'ஆலிகஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அரண்மனை சார்ந்தது என்று பொருள். எங்கள் ஓட்டு வீட்டுக்கு அவ்வளவு பெரிய பெயர்!

தொட்டால் கடிக்கும். ரத்தம்கூட வரும். அதனால் நான் பக்கத்தில் போகவில்லை. கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருந்தால் பாம்பு பிடிப்பவரைத்தான் கூப்பிட்டிருப்பேன். கட்டு விரியன் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது.

அத்தை கம்பை இறக்கவே இல்லை. பத்து நிமிஷம் அப்படியே நின்றோம். அது மெதுவாக எறவாணத்தில் ஏறி, ஓட்டுச் சந்தில் வாலை இழுத்துக்கொண்டது. "நிஜமாவே விஷம் இல்லையாடி?" என்று அத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டார்.