லேசர் கட்டரும் வீட்டுக் காற்றும்

லேசர் ஒளியால் பலகை, பிளாஸ்டிக் எல்லாம் வெட்டும் லேசர் கட்டர் வாங்க ஒரு வாரம்தான் யோசித்தேன். அதன் புகைக்கு வடிகட்டி தேர்ந்தெடுக்க ஒரு மாதம் ஆனது. வீட்டில் எல்லோரும் மூச்சு விடும் காற்று இது, அவசரப்பட மனம் வரவில்லை.

புகையில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று நுண்துகள். அதை ஹெப்பா (HEPA) என்ற நுண்துகள் வடிகட்டி பிடித்துவிடும். எச்13 தர ஹெப்பா என்றால் 99.95 சதவீதத் துகளைப் பிடிக்கும். இன்னொன்று வாயு. அக்ரிலிக் வெட்டும்போது மூக்கைத் துளைக்கிறதே, அந்த மெத்தில் மெத்தாக்ரிலேட் வாடை ஹெப்பாவைத் தாண்டி அப்படியே வெளியே வந்துவிடும். அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது வாயுவைப் பிடித்துவைக்கும் கரி வேண்டும். மெல்லிய பஞ்சில் கரித்தூள் தடவிய வடிகட்டி சீக்கிரமே நிறைந்துபோகும். கிலோக் கணக்கில் கரிக்குருணை நிரப்பிய பெட்டிதான் தாக்குப்பிடிக்கும். அதனால் வாங்கும்போது கார்பன் எத்தனை கிலோ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம்.

அப்புறம் முன்வடிகட்டி, அதாவது ஹெப்பாவுக்கு முன்னால் வைக்கும் பஞ்சு. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை நான்கைந்து வெட்டியதும் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சு பழுப்பாகி, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அது இல்லையென்றால் அத்தனையும் விலை கூடிய ஹெப்பாவில் போய் அடைந்திருக்கும்.

ஜன்னல் வழியாகக் குழாய் போட்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் புகையை வெளியேற்ற இடமிருந்தால் அதுவே மேல். எனக்கு அந்த வசதி இல்லை.

பி.வி.சி. பிளாஸ்டிக்கை மட்டும் எந்த வடிகட்டியை நம்பியும் வெட்டாதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.