ஃப்ளோரன்ஸில் குடும்பத்தோடு

டேவிட் சிலையைப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம், நேரில் நிற்பது வேறு. 17 அடி உயரம். வேறு சிற்பிகள் கை வைத்துக் கைவிட்ட பளிங்கில், 1501 முதல் 1504 வரை மைக்கேலாஞ்சலோ செதுக்கியது. வலது கையில் நரம்பு புடைத்திருப்பதைப் பார்த்தால் கல் என்று மனசு நம்ப மறுக்கிறது. அதற்குப் போகும் வழியில் அவர் முடிக்காமல் விட்ட ‘கைதிகள்’, கல்லுக்குள்ளிருந்து திமிறி வெளியே வரப் பார்க்கும் உடல்கள். மகள் அங்கேயே நின்றுவிட்டாள். எனக்கும் அவைதான் ஒரு படி மேல்.

சாப்பாட்டில் ரிபொல்லித்தா. பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கரும்பச்சைக் கீரை போட்டுக் கொதிக்கவைத்த கெட்டி சூப், மேலே ஆலிவ் எண்ணெய். அம்மா இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார்! (அந்த ஊர் ரொட்டியில் உப்பே கிடையாது.)

அப்புறம் கடைவீதி. பொன்தே வெக்கியோ பாலத்தில் இருந்த கறிக்கடைகளை 1593இல் எடுத்துவிட்டுத் தங்கக் கடைகளை வைத்தார்கள், இன்றும் அப்படியே. அங்கே வேடிக்கை மட்டும். வாங்கியது சான்தா குரோச்சே தேவாலயத்தை ஒட்டிய தோல் வேலை கற்றுத்தரும் பள்ளியில், ஒரு பர்ஸ். பெயரின் முதலெழுத்தைத் தங்க நிறத்தில் பதித்துக் கொடுத்தார்கள்.

போகிறவர்கள் டேவிட் சிலை இருக்கும் அகாதேமியா அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.