சேத்துக்கிட்டோம், அப்புறம்?

வெளிநாட்லேர்ந்து படிக்க வர்ற பசங்களுக்கு அகாடமிக் ரைட்டிங் சொல்லிக்கொடுக்குறதும் என் வேலைதான், காப்பின்னு புகார் வந்தா விசாரிக்கிற கமிட்டில உக்கார்றதும் என் வேலைதான். ரெண்டு பக்கமும் பாக்குறதால சொல்றேன், அங்க வர்ற நெறைய கேஸ் அட்மிஷன் அன்னைக்கே ஆரம்பிச்சிருது.

ஐஈஎல்டிஎஸ்னு இங்கிலீஷ் எவ்வளவு வரும்னு பாக்குற டெஸ்ட்ல, ரைட்டிங் டாஸ்க் 2ங்கிற கட்டுரைக்கு 40 நிமிஷம், கொறஞ்சது 250 வார்த்தை. ஸ்பீக்கிங் 11லேர்ந்து 14 நிமிஷம். டெஸ்ட்ட நான் குறை சொல்லல, ஆனா கோச்சிங்ல டெம்ப்ளேட்ட மனப்பாடம் பண்ணி எப்படியோ 9க்கு 6.5 வாங்கிட்டு வர்ற புள்ளைக்கு மொத மாசமே 3000 வார்த்தை அசைன்மெண்ட், வாராவாரம் ஜர்னல் பேப்பர், வேகமா பேசுற ப்ரொஃபசர்னு எல்லாம் ஒண்ணா வந்து நின்னா அது என்னதான் பண்ணும்? கடன் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கும், ஃபெயில் ஆனா விசாவே போயிருமோன்னு பயம், கரெக்டா அந்த நேரம் பாத்து காசு கொடுத்தா நாங்க எழுதித்தர்றோம்னு எவனாவது மெசேஜ் அனுப்புவான்.

கமிட்டிக்கு ஒரு பையன் வந்தான். சப்ளை செயின் பத்தி அசைன்மெண்ட், இங்கிலீஷ் வழவழன்னு ஓடுது, ஆனா ரெண்டாவது பாராவ விளக்குன்னா வாயே தெறக்கல. ஒரு பேப்பர தள்ளி, வரைஞ்சு காட்டுன்னேன். கடைல ஆர்டர் லேசா கூடுனா டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இன்னும் கூடி ஃபேக்டரிக்கு போறப்ப பெருசா வீங்கிடும்ல, அந்த புல்விப் எஃபெக்ட், அத கோடு கோடா போட்டு ஒடஞ்ச இங்கிலீஷ்ல தப்பில்லாம சொல்லிட்டான். பாடம் தெரியும், எழுதத்தான் வரல. காசு கொடுத்து எழுதி வாங்குனது தப்பு, தண்டனையும் கொடுத்தோம், அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா அவன சேத்துக்கிட்டு ஃபீஸ் வாங்குன நாங்க யாருக்கும் பதில் சொல்லவே இல்ல, அது எனக்கு ரொம்ப உறுத்துது.

அதுக்காக எல்லாரையும் சந்தேகப்படுறதும் அநியாயம். 2014ல பிரிட்டன்ல டொயிக்ங்கிற இங்கிலீஷ் எக்ஸாம்ல ஆள் மாறாட்டம் நடக்குறத பிபிசியோட பனோரமா ப்ரோக்ராம் காட்டுச்சு, விசா கொடுக்குற ஹோம் ஆஃபீஸ் ஆயிரக்கணக்கான விசாவ ரத்து பண்ணுச்சு, தப்பே பண்ணாதவங்களும் அதுல மாட்டி வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க. இப்ப ஏஐ டிடெக்டர், அதாவது எழுதுனது மனுஷனா மெஷினான்னு கண்டுபிடிக்கிறதா சொல்ற டூல். 2023ல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாத மனுஷங்க டோஃபல்ங்கிற இங்கிலீஷ் டெஸ்ட்டுக்கு எழுதுன 91 கட்டுரைய இந்த டூல்ஸ்ல போட்டு பாத்தாங்க, சராசரியா 61 சதவீதத்த மெஷின் எழுதுனதுன்னு சொல்லுச்சு. சிம்பிளா எழுதுனாலே திருடனா? டிடெக்டர் ரிப்போர்ட்ட மட்டும் வச்சு யாரையும் தண்டிக்கக்கூடாதுன்னு கமிட்டில விடாம சண்டை போட்டுட்டுதான் இருக்கேன்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. மொத வாரமே உக்காரவச்சு ஒரு பக்கம் கையால எழுதச் சொல்லுங்க, பத்து நிமிஷம் பேசிப்பாருங்க, தடுமாறுறவங்களுக்கு பாடத்தோட சேத்தே லாங்குவேஜ் க்ளாஸ் வைங்க, அதுக்கு தனியா காசு வாங்காதீங்க. பட்ஜெட் இல்லன்னு பதில் வருது. பசங்கள சேத்துவிடுற ஏஜெண்டுக்கு கமிஷன் போகுதே, அதுல ஒரு பங்க இங்க திருப்பிவிடுங்கன்னு அடுத்த மீட்டிங்லயும் கேக்கத்தான் போறேன்.