நெர்ஹாவில் நான்கு நாள்: மலைத்தண்ணீரின் பின்னால்

மாலகாவில் பேருந்து ஏறும்போது என் மனதில் இருந்த திட்டம் ஒன்றே ஒன்றுதான்: நான்கு நாளும் கடற்கரையில் கிடப்பது. அக்காதான், "கடல் எங்க போயிடப் போகுது? முதல்ல குகையைப் பார்த்துடலாம்" என்றாள். அவள் பேச்சைக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஸ்பெயினின் தெற்கே, 'சூரியக் கரை' என்று பொருள்படும் கோஸ்டா தெல் சோல் கடலோரத்தின் கிழக்கு முனையில் இருக்கிறது நெர்ஹா. மாலகாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மேற்குப் பக்கம் கடலை மறைத்துக்கொண்டு நிற்கும் பத்து மாடி ஓட்டல்கள் இங்கே கண்ணில் படவில்லை. ஊருக்குப் பின்னாலேயே அல்மிஹாரா மலை எழுந்து நிற்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த கொஞ்சம் இடத்தில் வெள்ளை வீடுகள். நாங்கள் போனது 2019 மே மாதம். வெயில் இதமாக இருந்தது, கூட்டமும் இன்னும் சேரவில்லை.

அரபு முஸ்லிம்கள் இந்தப் பகுதியை ஆண்ட காலத்தில் இதற்கு 'நரிஹா' என்று பெயராம். வற்றாத ஊற்று என்று பொருள் சொல்கிறார்கள். முதல் நாள் விடுதிக்காரம்மா இதைச் சொன்னபோது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. நாள் போகப் போகத்தான் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்தது.

ஊரின் நடுவில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையில் ஒரு பெரிய முற்றம். பெயர் பால்கோன் தெ எயுரோப்பா, அதாவது ஐரோப்பாவின் உப்பரிகை. 1884 கிறிஸ்துமஸ் அன்று இந்தப் பகுதியைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. அடுத்த மாதம், 1885 ஜனவரியில், மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோ பாதிக்கப்பட்ட ஊர்களைப் பார்க்க வந்தார். இந்த இடத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டு அவர்தான் இந்தப் பெயரை வைத்தார் என்பது ஊரார் சொல்லும் கதை. கம்பிவேலியில் சாய்ந்து நிற்கும் அவருடைய வெண்கலச் சிலை ஆள் உயரத்தில் இருக்கிறது. தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்ள எப்போதும் வரிசை நிற்கிறது. மாலையில் ஒரு மணி நேரம் போதும். எங்களுக்கு மறுநாள் காலைக் குகைதான் முக்கியம்.

குகை ஊருக்கு வெளியே, மாரோ என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது. 1959 ஜனவரி 12 அன்று ஐந்து பையன்கள் வௌவால் பிடிக்கக் கிளம்பினார்கள். 'சுரங்கம்' என்று அவர்கள் அழைத்த ஒரு குழியிலிருந்து அந்தியில் வௌவால்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறுவதைப் பார்த்திருக்கிறார்கள். குழிக்குள் இறங்கிப் பார்த்தால், ஓர் இடுக்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. இடுக்கை மறைத்த கல்விழுதுகளை உடைத்து உள்ளே நுழைந்தவர்களை ஒரு பெரிய மண்டபமும் மனித எலும்புக்கூடுகளும் எதிர்கொண்டன. அடுத்த ஆண்டே குகை மக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த ஐந்து பேருக்கும் வாசலில் நினைவுச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். படிப்பாளிகள் யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்த பிள்ளைகளுக்கு அந்த மரியாதை கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உள்ளே படி இறங்கினால் காற்று மாறுகிறது. குளிர் இல்லை, ஈரம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மொத்தம் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நீளக் குகையில் நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்திருப்பது கீழ்ப்பகுதி மட்டும்தான். ஆதி மனிதர்களின் ஓவியங்கள் பலவும் மூடிய பகுதிகளில் இருக்கின்றன. மூச்சுக்காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். சரியான முடிவு. மனிதர்கள் இந்தக் குகைக்குள் வந்துபோகத் தொடங்கி 40,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். படிக்கட்டில் இறங்கும்போது அந்த எண்ணை நினைத்துப் பார்த்தேன். தீவட்டி பிடித்துக்கொண்டு இதே சரிவில் யாரோ கால் வைத்திருப்பார்கள்.

கடைசியில் வருகிறது பேரழிவு மண்டபம். எப்போதோ நடந்த நிலநடுக்கத்தில் உடைந்து விழுந்த பாறைகள் அடியில் குவிந்து கிடப்பதால் அந்தப் பெயர். அதன் நடுவே தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு கல்தூண், 32 மீட்டர் உயரம். அடிப்பாகம் 13 மீட்டருக்கு 7 மீட்டர். கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்த தூண் இது. இவ்வளவையும் கட்டியது மழைத்தண்ணீர். மழை மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது மலையின் பளிங்கைக் கரைத்துக்கொண்டே கீழே வருகிறது. குகைக் கூரையில் சொட்டாகத் தொங்கும்போது வாயு காற்றோடு போய்விட, சுண்ணம் மட்டும் தங்கிவிடுகிறது. மேலிருந்து கல்விழுது இறங்குகிறது, கீழிருந்து கல்முளை ஏறுகிறது, இரண்டும் சேர்ந்தால் தூண்.

கைப்பிடிக் கம்பியின் மேல் ஒரு சொட்டு விழுந்து உடைந்தது. பக்கத்திலேயே இன்னொன்று கூரை முனையில் வெளிச்சம் பட்டு மின்னிக்கொண்டு, விழாமல் நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நகரும் வரை அது விழவே இல்லை.

குகையிலிருந்து மாரோவை ஒட்டிய பழைய நெடுஞ்சாலையில் நடந்தால், ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே கழுகுப் பாலம் தெரியும். செங்கல்லில் நான்கு அடுக்காக 37 வளைவுகள். 19ஆம் நூற்றாண்டில், மாரோவில் இருந்த சான் ஹோவாகீன் சர்க்கரை ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்க் கால்வாய்க்கு இவ்வளவு அழகு எதற்கு என்று கேட்கத் தோன்றும். கட்டியவர்களுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆலை என்றோ மூடிப்போனாலும் வயல்களுக்குத் தண்ணீர் இன்னும் இந்தப் பாலத்தின் மேல் போகிறது. கரும்பு நின்ற நிலங்களில் இப்போது அவகாடோவும் மாவும் நிற்கின்றன. நம் சீத்தாப்பழத்தின் உறவுக்காரப் பழமான செரிமோயாவும் இருக்கிறது.

மூன்றாம் நாள் ச்சீயார் ஆறு. இந்தப் பயணத்தில் என் மனதை விட்டுப் போகாத நாள் அதுதான்.

ஆற்றுக்குக் கரையோரப் பாதை என்று ஒன்று கிடையாது. ஆறே பாதை. விடிந்ததும் கிளம்பி, ஊருக்கு மேலே பழைய நீர்மின் நிலையத்தைத் தாண்டியதும் தண்ணீருக்குள் இறங்கிவிட வேண்டியதுதான். முதலில் கணுக்கால் அளவு, அப்புறம் முழங்கால். மலையிலிருந்து நேரே வரும் தண்ணீர் என்பதால் முதல் பத்து நிமிடம் கால் விறைத்தது. அப்புறம் பழகிவிட்டது. அடியில் வெள்ளைக் கூழாங்கல், பளிங்குத் துண்டுகள். இரண்டு பக்கமும் அரளி பூத்துக் கிடந்தது. மேலே பாறை விளிம்பில் கொம்பு பின்னோக்கி வளைந்த மலையாடு ஒன்று அசையாமல் நின்று எங்களைப் பார்த்தது. நாங்கள் வளைவு திரும்பும் வரை அது தலையைத் திருப்பவில்லை.

ஒன்றரை மணி நேரம் நடந்தபின் காவோர்ரோஸ் என்னும் இடுக்குகள் வருகின்றன. சுவர் போல எழும் இரண்டு பாறைகள் நெருங்கி, நெருங்கி, கையை விரித்தால் இரண்டையும் தொடலாம் என்ற அளவுக்கு வந்துவிடுகின்றன. மேலே வானம் ஒரு நாடா மாதிரி. பாறையைத் தடவிப் பார்த்தேன். தண்ணீர் தேய்த்துத் தேய்த்து அம்மியின் மேற்பரப்பு போல வழுவழுப்பாக இருந்தது. முந்தின நாள் குகையில் தண்ணீர் கட்டியதைப் பார்த்தோம். இங்கே அதே மலையை அது அறுத்து வைத்திருப்பதைப் பார்த்தோம்.

அங்கேதான் அக்காவின் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலில் அந்தக் கல்லில் நடக்க முடியாது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர் எதுவும் கேட்காமல் பையிலிருந்து ஒரு பழைய ஷூ கயிற்றை எடுத்தார். குனிந்து, செருப்பையும் கணுக்காலையும் சேர்த்து எட்டு போட்டுக் கட்டி, முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "தெஸ்பாசியோ" என்று ஒரே வார்த்தை. மெதுவாக என்று அர்த்தம். அப்புறம் தன் வழியே மேலே நடந்து போய்விட்டார். அந்த முடிச்சு ஊர் திரும்பும் வரை அவிழவில்லை. போகிறவர்கள் பழைய ஷூ போட்டுக்கொண்டு போங்கள், செருப்பு வேண்டாம். மழைக்குப் பிறகு வெள்ளம் திடீரென்று வரும், கோடையில் காட்டுத்தீ பயம், ஆற்றைப் பாதுகாக்க வேண்டும் என்ற கவலையும் உண்டு. இதனால் உள்ளே விடாத காலங்கள் இருக்கின்றன. சுற்றுலா அலுவலகத்தில் கேட்காமல் கிளம்பாதீர்கள். அடைத்திருந்தால் மதித்துத் திரும்பிவிடுங்கள்.

மாலையில் கால் வலியோடு ஃப்ரிஹிலியானாவுக்குப் பேருந்து ஏறினோம். ஆறு கிலோமீட்டர் மேலே, மலைச்சரிவில் இருக்கும் வெள்ளைக் கிராமம். சந்துகளில் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். சுவர்களில் அங்கங்கே பீங்கான் ஓடுகளில் ஒரு கதை எழுதியிருக்கிறது. கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான முஸ்லிம்களின் வழிவந்தவர்கள் எழுச்சி செய்து, 1569இல் ஊருக்கு மேலே உள்ள பாறைக் குன்றில் தோற்ற கதை. பூந்தொட்டிகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய்விட எனக்கு மனம் வரவில்லை. இந்த மலையில் வாய்க்கால் வெட்டி, படிவயல் அமைத்து, தண்ணீரைப் பங்கு போடப் பழகியவர்கள் அவர்களுடைய முன்னோர்கள்தான். இன்றும் ஸ்பானிய மொழியில் வாய்க்காலுக்குப் பெயர் 'அசேக்கியா'. அரபுச் சொல்.

கரும்பையும் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள். ஊர் முகப்பில் உள்ள பெரிய பழைய மாளிகைதான் கரும்புப்பாகு ஆலை. ஐரோப்பாவில் பாகு காய்ச்சும் ஆலைகளில் இது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது என்கிறார்கள். பாகுக்கு அங்கே பெயர் 'கரும்புத் தேன்'. உணவகத்தில் கத்தரிக்காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மாவில் புரட்டிப் பொரித்து, மேலே அந்தக் கறுப்புப் பாகை நூலாக ஊற்றிக் கொடுத்தார்கள். மொறுமொறுப்பு, அடியில் வெண்ணெய் போலக் கத்தரிக்காய், கடைசியில் நாக்கில் லேசான கசப்போடு இனிப்பு. இரண்டாவது தட்டும் வாங்கினோம்.

தட்டில் இருந்தது முழுக்க நமக்குத் தெரிந்த சொற்கள். சர்க்கரைக்கு ஸ்பானியத்தில் 'அசூக்கார்'. நம் சர்க்கரையும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இங்கிருந்து பாரசீகம், அரபு வழியாக அங்கே போனது. கத்தரிக்காய் 'பெரென்ஹேனா'. அதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் தாண்டி நம் வழுதுணங்காயில் போய் நிற்கிறது என்று கருதும் சொல்லாய்வாளர்கள் உண்டு. அக்காவிடம் சொன்னேன். "அப்போ இது நம்ம ஊர்ச் சாப்பாடுதான்" என்று மீதிப் பாகைத் துடைத்துச் சாப்பிட்டாள்.

நான்காம் நாள் காயக் படகு. உண்மையில் அதற்கு முன்பதிவு செய்தது இரண்டாம் நாள் மாலைக்கு. கிழக்குக் காற்று வீசி அலை ஏறிவிட்டதால் அன்றைக்கு விடவில்லை. இந்தக் கடற்கரையில் எல்லாம் இரண்டு காற்றின் கையில்: கிழக்கிலிருந்து வந்தால் லெவாந்தே, மேற்கிலிருந்து வந்தால் போனியென்தே. லெவாந்தே அலையைக் கூட்டும். போனியென்தே கடலை அடக்கும், ஆனால் தண்ணீரைச் சில்லிட வைத்துவிடும். கடைசி நாள் காலையில் மேற்குக் காற்று. கடல் தட்டு மாதிரி கிடந்தது.

மாரோவிலிருந்து கிழக்கே செர்ரோ கோர்தோ வரைக்கும் சுமார் 12 கிலோமீட்டர் செங்குத்துப் பாறைக் கரையை 1989இல் இயற்கைக் காப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள். அதனால்தான் இங்கே ஓட்டல் ஏறவில்லை. மேலே கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டிய பழைய காவல் கோபுரங்கள், கீழே குடைவுகள். துடுப்பை நிறுத்திக் குனிந்தால் அடியில் கடற்புல் ஆடுவது தெரிகிறது.

ஒரு மூலை திரும்பியதும் அருவிச் சத்தம். பாறை விளிம்பிலிருந்து தண்ணீர் நேராகக் கடலில் விழுகிறது. "மாரோ ஊற்றுத் தண்ணீர். மேலே வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சம் இது" என்றார் வழிகாட்டிப் பையன். படகோடு உள்ளே போகச் சொன்னார். தோளில் கனமாக விழுந்தது. மூன்று நாளாகக் கூரையில் சொட்டாகவும் காலடியில் ஆறாகவும் பார்த்த மலைத்தண்ணீர். வாயைத் திறந்தேன். உப்பு காய்ந்திருந்த உதட்டில் அது இனித்தது.

வெளியே வந்து தலையைத் துவட்டுவதற்குள் அக்கா படகைத் திருப்பிவிட்டாள். "இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டுக்கொண்டே துடுப்புப் போட ஆரம்பித்திருந்தாள்.